கையொப்பமிடும் எண்ட்பாயிண்ட் எழுதியாயிற்று, அடுத்து என்ன?

கேட்கப்பட்டது சுருக்கமாக இது. ஒரு பயிற்சி நிறுவனத்தின் தரவுத்தளத்தில் படிப்பை முடித்தவர்களின் விவரங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு டிஜிட்டல் கையொப்பமிட்ட, யாரும் சரிபார்க்கக்கூடிய சான்றுகளை வழங்க வேண்டும். ஒரு ஜேசனை (புலமும் மதிப்புமாக எழுதிய தரவு உரையை) வாங்கி, நிறுவனத்தின் தனிச்சாவியால் (நிறுவனத்திடம் மட்டும் இருக்கும் ரகசியச் சாவியால்) கையொப்பமிட்டுத் திருப்பித் தரும் ஏபிஐ எண்ட்பாயிண்டை, அதாவது மற்ற நிரல்கள் கோரிக்கை அனுப்பும் முகவரியை, எழுதிவிட்டார்கள். சோதித்துப் பார்த்ததில் கையொப்பமும் சரியாக இருக்கிறது. இதை அப்படியே பயன்பாட்டுக்கு விடலாமா? சான்றில் என்னென்ன புலங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுக்கும் தரவு மாதிரியில் 1.1 பதிப்பு நல்லதா, 2.0 நல்லதா?

இப்போதைக்கு விடாதீர்கள். நிரலில் குறை இருப்பதாகச் சொல்லவில்லை. ஜேசனைக் கொடுத்தால் கையொப்பமிட்டுத் தரும் எண்ட்பாயிண்ட் என்பது மேசைமேல் கிடக்கும் நிறுவன முத்திரை மாதிரி. கைக்கு எட்டியவர் எதன்மேல் வேண்டுமானாலும் குத்தலாம், குத்தியது செல்லும். காகிதத்தில் ஒரு போலி வந்தால் மையையும் தாளையும் பார்த்து "இது எங்கள் முத்திரை இல்லை" என்று சொல்லிவிட முடியும். இங்கே அதைச் சொல்ல வழியில்லை, ஏனென்றால் அது உங்கள் முத்திரையேதான். கையொப்பமிடும் நிரல் பத்து வரியில் முடிந்துவிடும். யார் சொல்லிக் கையொப்பமிடுகிறோம், சரியாக எந்த பைட்டுகள்மேல் இடுகிறோம், தப்பாகிப் போனால் எப்படித் திரும்பப் பெறுகிறோம் என்பவற்றில்தான் உங்கள் நேரம் போகும், போகவும் வேண்டும்.

பெயர்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இவற்றை வெரிஃபையபிள் கிரெடென்ஷியல் என்கிறது. இதன் தரவு மாதிரி 2019 நவம்பரில் 1.0 ஆகவும், 2022 மார்ச்சில் 1.1 ஆகவும், 2025 மே 15 அன்று 2.0 ஆகவும் பரிந்துரை நிலையை, அதாவது இறுதித் தரம் என்ற நிலையை, எட்டியது. வழங்குநர், வைத்திருப்பவர், சரிபார்ப்பவர் என்று மூன்று தரப்பு. சரிபார்ப்பவர் வழங்குநரிடம் போய்க் கேட்காமலேயே சான்றைச் சோதிக்க முடிய வேண்டும் என்பதுதான் இதன் உயிர்நாடி. சான்றிதழில் ஒரு கியூஆர் குறியீட்டை அச்சிட்டு, அதை ஸ்கேன் செய்தால் நிறுவனத்தின் சர்வரில் போய்த் தேடுகிற ஏற்பாடு வேறு. அதில் சர்வர் நின்ற நாளில் சான்றும் நின்றுவிடும். யார் யாரிடம் எப்போது சான்றைக் காட்டினார்கள் என்பதும் நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும். வைத்திருப்பவருக்கு அது நல்லதல்ல.

வழங்குவதற்கான எச்டிடிபி முகப்பை நீங்களாக யோசித்து உருவாக்க வேண்டியதில்லை. டபிள்யூ3சியின் கிரெடென்ஷியல்ஸ் சமூகக் குழுவில் உருவான விசி ஏபிஐ என்ற வரைவு இருக்கிறது. அதில் 'கிரெடென்ஷியல்ஸ்', 'இஷ்யூ' என்ற பாதைக்குப் போஸ்ட் கோரிக்கை அனுப்ப வேண்டும். கோரிக்கையின் உடலில் கையொப்பமில்லாத சான்று ஒரு பொருளாகவும், விருப்பத் தேர்வுகள் இன்னொரு பொருளாகவும் போகும். எல்லாம் சரியென்றால் 201 நிலைக் குறியோடு கையொப்பமிட்ட சான்று திரும்பி வரும், உள்ளீடு சரியில்லையென்றால் 400. சரிபார்க்க, நிலையை மாற்ற என்று தனித்தனிப் பாதைகளும் உண்டு. இந்த வடிவத்தைப் பின்பற்றினால் நாளைக்குக் கையொப்ப மென்பொருளை மாற்ற நேர்ந்தாலும் மற்ற நிரல்களைத் தொட வேண்டியிருக்காது.

அந்த வரைவில் எனக்கு மிகவும் பிடித்தது பாதைகளின் பெயர்கள் அல்ல, அது வேலையைப் பிரிக்கிற விதம். வழங்குநர் பக்கத்தில் இரண்டு பாகங்கள் இருக்கின்றன. ஒன்று ஒருங்கிணைப்பாளர் என்ற நிரல். இந்த மாணவருக்குச் சான்று கொடுக்கலாமா, படிப்பை உண்மையிலேயே முடித்தாரா, கட்டணப் பாக்கி உண்டா என்ற நிறுவன விதிகளெல்லாம் அதற்குத் தெரியும். மற்றொன்று கையொப்பச் சேவை. அதற்குச் சாவி தெரியும், விதிகள் தெரியாது. வாலட்டோ (சான்றுகளை வைத்திருப்பவரின் செயலி), உலாவியோ, வெளியாளோ கையொப்பச் சேவையை நேரடியாகத் தொடவே கூடாது, ஒருங்கிணைப்பாளர் மட்டும்தான் தொட வேண்டும். உங்கள் எண்ட்பாயிண்ட் இந்த இரண்டாவது பாகம். அதை உள் வலையமைப்புக்குள் வையுங்கள். ஒருங்கிணைப்பாளருக்கு மட்டும் அழைப்பது யார் என்று உறுதிசெய்யும் ஓஆத் 2.0 கிளையன்ட் அடையாளமோ இருபக்க டிஎல்எஸ்ஸோ கொடுங்கள். அதற்குக் கிடைக்கும் டோக்கன், அதாவது தற்காலிக அனுமதிச் சீட்டு, சில நிமிடங்களில் காலாவதியாகட்டும். அதன் அனுமதி 'இந்த வகைச் சான்றைக் கையொப்பமிட' என்ற அளவோடு நிற்கட்டும். சான்று வழங்கும் அனுமதியும் சான்றை ரத்துசெய்யும் அனுமதியும் ஒரே டோக்கனில் இருக்க வேண்டாம்.

இன்னும் ஒரு படி மேலே போகச் சொல்வேன். முழு ஜேசனையும் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து வாங்கிக் கையொப்பமிடாமல், மாணவர் எண்ணையும் படிப்பு எண்ணையும் மட்டும் வாங்குங்கள். சான்றின் வடிவம் ஒரு வார்ப்புருவாகக் கையொப்பச் சேவைக்கு அருகிலேயே இருக்கட்டும், மதிப்புகளைப் பதிவேட்டிலிருந்து அதுவே நிரப்பட்டும். அப்போது ஒருங்கிணைப்பாளர் பக்கம் யாராவது புகுந்துவிட்டாலும் படிக்காத படிப்புக்குச் சான்று வாங்க முடியாது. பல நிறுவனங்களுக்குப் பொதுவான கையொப்பச் சேவை நடத்துகிறவர்களால் இதைச் செய்ய முடியாது. அவர்கள் ஜேசன் ஸ்கீமாவை (எந்தப் புலங்கள் இருக்கலாம் என்ற விதிப்பட்டியலை) வைத்துக் கண்டிப்பாகச் சோதித்து, ஸ்கீமாவில் இல்லாத புலம் ஒன்று வந்தாலும் மறுக்க வேண்டும். உங்களுடையது ஒற்றை நிறுவனம்தானே, வார்ப்புரு வழியையே எடுங்கள்.

எந்த வழியானாலும் வழங்குநர் புலத்தை வெளியிலிருந்து வாங்காதீர்கள். அந்தச் சாவிக்கு உரிய வழங்குநர் யார் என்பது சேவையின் அமைப்புக் கோப்பில் இருக்க வேண்டும். கோரிக்கையில் வேறு வழங்குநர் இருந்தால் பிழை என்று திருப்பி அனுப்புங்கள். அமைதியாக மாற்றி எழுதிவிடாதீர்கள், அனுப்பியவரின் தவறு மறைந்துபோகும். செல்லுபடிக் காலத்துக்கும் இதே விதி. 2.0 மாதிரியில் தொடக்க நாளும் முடிவு நாளும் நேர மண்டலத்தோடு எழுதப்பட வேண்டும், மண்டலம் இல்லாத நேரம் செல்லாது. சோதனைகளில் இது அடிக்கடி தடுக்கும், ஏனென்றால் பல தரவுத்தளங்கள் மண்டலம் இல்லாமல்தான் நாளைத் தருகின்றன.

சரி, இப்போது பைட்டுகளுக்கு வருவோம். கையொப்பம் சரியாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எதன்மேல் சரியாக இருக்கிறது என்பதைப் பார்த்தீர்களா?

ஜேசனில் புலங்களின் வரிசை மாறலாம், இடைவெளி மாறலாம், பொருள் மாறாது. கையொப்பமோ ஒரு பைட் மாறினாலும் உடைந்துவிடும். எனவே கையொப்பமிடும் முன் ஆவணத்தை ஒரே ஒரு நியம வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். டேட்டா இன்டெக்ரிட்டி என்ற டபிள்யூ3சி முறையில் இதற்கு இரண்டு பாதைகள். ஒன்று ஜேசிஎஸ், அதாவது 2020இல் வந்த ஆர்எஃப்சி 8785. புலங்களை வரிசைப்படுத்தி, இடைவெளிகளை நீக்கி, எண்களை ஒரே மாதிரி எழுதுகிறது. மற்றொன்று ஆர்டிஎஃப்சி-1.0, 2024இல் பரிந்துரையானது. இது ஜேசன்-எல்டி ஆவணத்தை (சொற்களின் பொருளையும் இணைத்துத் தரும் ஜேசன் வகை) அதன் பொருளாக, 'இன்னாருக்கு இன்ன பண்பு இன்ன மதிப்பு' என்ற கூற்றுகளாக விரித்து, அந்தக் கூற்றுகளை வரிசைப்படுத்துகிறது. பிறகு இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். கையொப்பத்தின் விவரங்களை, அதாவது எந்தச் சாவி, எந்த நேரம், என்ன நோக்கம் என்பவற்றை, நியம வடிவில் ஷா-256 என்ற ஹாஷ் (எவ்வளவு நீளமானதையும் நிலையான நீளத்துக்குச் சுருக்கும் கணக்கு) செய்தால் 32 பைட்டுகள். ஆவணத்தைச் செய்தால் இன்னொரு 32. இரண்டையும் இந்த வரிசையிலேயே ஒட்டினால் 64 பைட்டுகள். எட்25519 என்ற வகைச் சாவி அந்த 64 பைட்டுகள்மேல்தான் கையொப்பமிடுகிறது. கையொப்பமும் 64 பைட்டுகளாகவே வரும். சாவியின் நோக்கமும் நேரமும் கையொப்பத்துக்குள் அடங்கிவிடுவதால் அவற்றைப் பின்னால் யாரும் மாற்ற முடியாது.

ஆர்டிஎஃப் பாதையில் ஒரு பள்ளம் இருக்கிறது. நானே விழுந்திருக்கிறேன் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். நான் வேலை செய்த ஒரு திட்டத்தில் சான்றுக்குள் மதிப்பெண் என்ற புலம் இருந்தது. அந்தச் சொல்லைக் கான்டெக்ஸ்டில், அதாவது ஒவ்வொரு புலப்பெயருக்கும் பொருள் தரும் கோப்பில், வரையறுக்க மறந்துவிட்டோம். கையொப்பம் ஆயிற்று, சரிபார்ப்பும் பச்சை காட்டியது, இரண்டு வாரம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஒருநாள் சக பொறியாளர் ஒருவர் விளக்கிக் காட்டுவதற்காகக் கையொப்பமிட்ட சான்றைத் திறந்து 61 என்பதை 91 ஆக்கினார். சிவப்பு வரும் என்று எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சைதான் வந்தது. காரணம் இதுதான்: ஜேசன்-எல்டி விரிக்கும்போது கான்டெக்ஸ்டில் இல்லாத சொல்லுக்குப் பொருள் இல்லை என்று அதை விட்டுவிடுகிறது. ஆவணத்தில் கண்ணுக்குத் தெரிந்த மதிப்பெண், கையொப்பம் விழுந்த கூற்றுகளில் இல்லவே இல்லை. அதுவரை வழங்கிய சோதனைச் சான்றுகள் அத்தனையையும் தூக்கிப் போட்டோம். அவை சோதனைச் சான்றுகளாக இருந்ததால் தப்பித்தோம்.

இன்றைய ஜேசன்-எல்டி நூலகங்களில் இதற்கென்றே பாதுகாப்புப் பயன்முறை உண்டு, தெரியாத சொல் வந்தால் பிழை எறிந்து நின்றுவிடும். அது இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இயல்பாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அப்புறம், கான்டெக்ஸ்ட் கோப்புகளைக் கையொப்பமிடும் நேரத்தில் இணையத்திலிருந்து இறக்காதீர்கள். வழியில் யாராவது மாற்றிக் கொடுத்தால் சொற்களின் பொருளே மாறிவிடும். அவற்றை நிரலோடு சேர்த்தே வையுங்கள். 2.0 அடிப்படைக் கான்டெக்ஸ்டின் ஹாஷ் விவரக்குறிப்பிலேயே அச்சாகியிருக்கிறது, உங்களிடம் இருக்கும் கோப்போடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஜேசிஎஸ் பாதையில் இந்தப் பள்ளம் இல்லை, எழுதியதெல்லாம் கையொப்பத்துக்குள் வந்துவிடும். அதற்கு வேறு மாதிரியான முட்கள் உண்டு. எண்களை அது இரட்டைத் துல்லிய மிதவைப் புள்ளியாக எடுத்துக்கொள்வதால் 9007199254740992க்கு மேற்பட்ட முழு எண்கள் துல்லியம் இழக்கலாம். பதிவு எண், அடையாள எண் எதையும் எண்ணாக வைக்காமல் எழுத்துச் சரமாக வையுங்கள். இன்னொன்று நம் மொழியில் பெயர் எழுதுகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. யூனிகோடில் 'கோ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒற்றைக் குறியாக இட்டால் யூடிஎஃப்-8இல் 6 பைட்டுகள். இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக இட்டால் 9 பைட்டுகள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஜேசிஎஸ்ஸும் சரி, ஆர்டிஎஃப்சியும் சரி, இவற்றைச் சமன்படுத்தாது. பாதி வழியில் ஏதாவது ஒரு தரவுத்தளமோ கைபேசிச் செயலியோ எழுத்தைச் சமன்படுத்தினால் கையொப்பம் உடைந்துவிடும், ஏன் உடைந்தது என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்ததும், கையொப்பத்துக்கு முன்பே, யூனிகோடின் என்எஃப்சி என்ற ஒற்றைக் குறி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். கொ, கோ, கௌ வரிசை எழுத்துகள் உள்ள பெயர்களைச் சோதனைத் தரவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவை இரண்டும் வேண்டாமென்றால் ஜேடபிள்யூடி வழி இருக்கிறது. அது முழுச் சான்றையும் பேஸ்64 உறைக்குள் போட்டு, உறைமேல் கையொப்பமிடுகிறது. நியமமாக்கும் வேலையே கிடையாது. எது சிறந்தது என்ற சண்டையில் நான் இறங்குவதில்லை. உங்கள் சான்றை யார் சரிபார்க்கப் போகிறார்களோ அவர்கள் கையில் எந்தக் கருவி இருக்கிறதோ, அதுவே உங்கள் விடை. படிப்புச் சான்று என்பதால் ஒன்எட்டெக் அமைப்பின் ஓப்பன் பேட்ஜஸ் 3.0ஐயும் பாருங்கள். அது இதே தரவு மாதிரிமேல் கட்டப்பட்டது. படிப்பு, திறன், மதிப்பீடு ஆகியவற்றுக்கான சொற்கள் அதில் வரையறுத்தே கிடைப்பதால் சொந்தக் கான்டெக்ஸ்ட் எழுதி நாங்கள் பட்ட பாட்டை நீங்கள் பட வேண்டாம்.

சாவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் விதி சிறியது: தனிச்சாவி நிரலின் நினைவகத்துக்குள் வரவே கூடாது. மேகச் சேவைகளின் சாவி மேலாண்மையிலோ சாவியை வெளியே விடாத எச்எஸ்எம் என்ற வன்பொருள் கருவியிலோ அது பிறந்து, அங்கேயே இருக்க வேண்டும். நீங்கள் அந்த 64 பைட்டுகளை அனுப்பிக் கையொப்பத்தை வாங்கிக்கொள்கிறீர்கள். கருவியை வாங்குமுன் எந்த வகைச் சாவியை அது ஏற்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எட்25519 அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டியின் தரத்தில் 2023இல்தான் சேர்ந்தது, அதனால் பழைய கருவிகள் பலவும் பி-256 வளைவை மட்டுமே அறியும். அதற்கு ஈசிடிஎஸ்ஏ என்ற கையொப்பத் தொகுப்பு இருக்கிறது, குறையொன்றுமில்லை.

பொதுச்சாவியை (கையொப்பத்தைச் சரிபார்க்க எல்லாருக்கும் தரும் சாவியை) எங்கே வைப்பது என்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். டிஐடி என்பது சாவியோடு இணைந்த டிஜிட்டல் அடையாளம். அதில் டிஐடி:கீ என்ற முறையில் சாவியே அடையாளம். சோதனைக்கு மிக வசதி, உண்மைப் பயன்பாட்டுக்கு ஆகாது, ஏனென்றால் சாவியை மாற்றினால் நிறுவனத்தின் அடையாளமே மாறிவிடும். டிஐடி:வெப் முறையில் உங்கள் இணையதளத்தின் குறிப்பிட்ட பாதையில் ஒரு ஜேசன் கோப்பு இருக்கும். அதில் சாவிகளும், எந்தச் சாவி எந்த நோக்கத்துக்கு என்பதும் எழுதியிருக்கும். சான்று வழங்கும் சாவி, உறுதிமொழி நோக்கத்தின் கீழ் பட்டியலிடப்பட்டிருக்க வேண்டும், உள்நுழைவுக்கான சாவியோடு அதைக் கலக்கக் கூடாது. இந்த முறையில் நம்பிக்கை முழுவதும் உங்கள் டொமைன் பெயரின்மேல் நிற்கிறது. டொமைனைப் புதுப்பிக்க மறந்தால் அதை வாங்குகிறவர் உங்கள் பெயரில் சான்று வழங்கலாம். சான்று 30 ஆண்டு வாழ வேண்டுமென்றால் டொமைனும் 30 ஆண்டு உங்களிடம் இருக்க வேண்டும். இதைத் தொழில்நுட்பப் பிரிவோடு நிறுத்தாமல் நிர்வாகத்திடமும் எழுத்தில் சொல்லிவையுங்கள்.

சாவியை மாற்றும்போது பழையதைக் கோப்பிலிருந்து நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் அதனால் கையொப்பமிட்ட எல்லாச் சான்றும் அன்றே செல்லாமல் போகும். புதிய சாவியைச் சேர்த்து, கையொப்பமிடுவதை அதற்கு மாற்றி, பழையதைச் சரிபார்ப்புக்காக மட்டும் விட்டுவையுங்கள். சாவி திருட்டுப் போனால் கதையே வேறு. சான்றில் எழுதியிருக்கும் கையொப்ப நேரத்தை நம்பி 'திருட்டுக்கு முந்தையவை செல்லும்' என்று பிரிக்க முடியாது, சாவியை வைத்திருப்பவர் எந்தத் தேதியையும் எழுதிக்கொள்ளலாம். அந்தச் சாவியை நீக்கிவிட்டு, உங்கள் பதிவேட்டை வைத்து உண்மையானவர்களுக்கெல்லாம் மறுபடி வழங்குவதுதான் வழி. அதனால் யாருக்கு, எப்போது, எந்தச் சாவியால், என்ன ஹாஷோடு வழங்கினோம் என்ற பதிவு கையொப்பச் சேவைக்கு வெளியே பத்திரமாக இருக்க வேண்டும். முழுச் சான்றையும் லாக் கோப்பில் எழுதிவைக்காதீர்கள். அது இன்னொரு இடத்தில் தனிநபர் தரவைக் குவிப்பதாகும்.

அடுத்தது ரத்து. இதைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். முடியாது, ஏனென்றால் நிலையைப் பார்க்கும் முகவரி சான்றுக்குள்ளேயே, கையொப்பத்துக்கு உட்பட்டு இருக்க வேண்டும். அது இல்லாமல் போன சான்றை யாராலும் திரும்ப அழைக்க முடியாது. பெயர் தவறாக அச்சான சான்றும் அப்படியே உலவும்.

2.0 குடும்பத்தில் இதற்கு பிட்ஸ்ட்ரிங் ஸ்டேட்டஸ் லிஸ்ட் என்ற பரிந்துரை உண்டு. அதன் யோசனை அழகானது. நீண்ட பிட் வரிசை ஒன்று, குறைந்தது 1,31,072 பிட்டுகள், அதாவது 16 கேபி. ஒவ்வொரு சான்றுக்கும் அதில் ஓர் இடம். 0 என்றால் செல்லும், 1 என்றால் ரத்து. பெரும்பாலும் பூஜ்யமாக இருப்பதால் ஜிஜிப் செய்தால் மிகச் சிறிதாகச் சுருங்கிவிடும். இந்தப் பட்டியலே கையொப்பமிட்ட ஒரு சான்றாக வெளியிடப்படுகிறது. சரிபார்ப்பவர் முழுப் பட்டியலையும் இறக்கி, தனக்கு வேண்டிய பிட்டைத் தானே பார்த்துக்கொள்கிறார். யாருடைய சான்றைப் பார்த்தார் என்பது உங்களுக்குத் தெரியாது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களின் கூட்டத்தில் அந்த ஒருவர் மறைந்துவிடுகிறார். நான் மேலே குறைசொன்ன கியூஆர் ஏற்பாட்டுக்கும் இதற்கும் உள்ள தூரம் இங்கேதான் தெரிகிறது. ரத்துக்கு ஒரு பட்டியல், தற்காலிக நிறுத்தத்துக்கு ஒரு பட்டியல் என்று பிரித்து வைக்கலாம். ரத்தானது திரும்பாது, நிறுத்தியது திரும்பலாம்.

செயல்படுத்தும்போது இரண்டு இடத்தில் தவறு நடக்கும். இடங்களை 1, 2, 3 என்று வரிசையாகக் கொடுத்தால், அடுத்தடுத்து வழங்கியவர்கள் யார் என்று எண்ணைப் பார்த்தே ஊகிக்கலாம். தற்போக்காகக் கொடுங்கள். மற்றது, ஒரே நேரத்தில் இரண்டு கோரிக்கைகள் வந்து இரண்டு பேருக்கும் ஒரே இடம் போய்விடுவது. ஒருவரை ரத்துசெய்தால் மற்றவரும் சேர்ந்து ரத்தாவார், யாருக்கும் காரணம் புரியாது. இடம் ஒதுக்குவதைத் தரவுத்தளத்தில் தனித்துவக் கட்டுப்பாட்டோடு ஒரே பரிவர்த்தனையில் செய்யுங்கள். கையொப்பம் தோல்வியுற்றால் அந்த இடத்தை வீணாகவே விட்டுவிடுங்கள், திரும்ப எடுத்துக்கொடுக்க முயல வேண்டாம். இடங்களுக்குப் பஞ்சமில்லை, பட்டியல் நிரம்பினால் இன்னொன்று தொடங்கலாம்.

மறுமுயற்சிச் சிக்கலும் இதையொட்டி வருவதுதான். ஒருங்கிணைப்பாளர் போஸ்ட் அனுப்புகிறார், நீங்கள் கையொப்பமிட்டுவிடுகிறீர்கள், பதில் போகும் வழியில் இணைப்பு அறுகிறது. அவர் மறுபடி அனுப்புகிறார். இப்போது ஒரே ஆளுக்கு இரண்டு சான்றுகள், இரண்டு இடங்கள். ஒன்றை ரத்துசெய்தாலும் மற்றது உயிரோடு இருக்கும். ஒவ்வொரு கோரிக்கையோடும் ஒரு தனித்த அடையாளச் சொல்லை அனுப்பச் சொல்லுங்கள். அதே சொல் மீண்டும் வந்தால் புதிதாகக் கையொப்பமிடாமல் முன்பு கொடுத்ததையே கொடுங்கள். தேர்வு முடிவு வந்த நாளில் ஆயிரக்கணக்கில் வரும்போது இதன் அருமை தெரியும்.

கையொப்பமிட்ட ஜேசனை மின்னஞ்சலில் அனுப்பினால் போதுமா என்பது நீங்கள் கேட்காத கேள்வி, ஆனால் கேட்டிருக்க வேண்டியது. மின்னஞ்சலில் போனது யார் கைக்கும் போகலாம். சான்றுக்குள் வைத்திருப்பவரின் சாவி எதுவும் இல்லையென்றால் கோப்பைப் பெற்றவரெல்லாம் அதைக் காட்டலாம். பெயர் இருக்கிறது, கூடவே அடையாள அட்டையைப் பார்ப்பார்கள் என்றால் படிப்புச் சான்றுக்கு அது பல இடங்களில் போதும். இணையத்திலேயே காட்ட வேண்டிய சான்றென்றால், அதை வைத்திருப்பவரின் வாலட் சாவியோடு பிணைக்க வேண்டும். இதற்கு 2025இல் இறுதியான ஓப்பன்ஐடி ஃபார் வெரிஃபையபிள் கிரெடென்ஷியல் இஷ்யூவன்ஸ் 1.0 என்ற நெறிமுறை இருக்கிறது. மாணவர் உங்கள் தளத்தில் உள்நுழைந்ததும் ஒரு கியூஆர் குறியீடோ இணைப்போ காட்டுகிறீர்கள். அதில் முன்னனுமதிக் குறியீடு இருக்கும். வாலட் அதைக் கொடுத்து டோக்கன் வாங்குகிறது. பிறகு உங்கள் சர்வர் தரும் ஒருமுறை எண்ணைத் தன் சாவியால் கையொப்பமிட்டு, சாவி தன்னிடம்தான் இருக்கிறது என்று நிரூபிக்கிறது. அதன்பிறகே சான்று போகும், அந்தச் சாவியின் பெயர் உள்ளே பொறித்தபடி. முன்னனுமதிக் குறியீடு ஒரே முறை, சில நிமிடங்கள் மட்டும் செல்ல வேண்டும். திரையைத் தோளுக்குப் பின்னாலிருந்து படம் பிடிக்கிறவர்கள் முந்திக்கொள்ளாமலிருக்க, தனி வழியில் அனுப்பும் ஒரு கூடுதல் எண்ணையும் கேட்கலாம், நெறிமுறையில் அதற்கு இடமிருக்கிறது. இந்த எண்ட்பாயிண்ட்கள் எல்லாம் ஒருங்கிணைப்பாளரின் பக்கம். உள்ளே இருக்கும் கையொப்பச் சேவை மாற வேண்டியதே இல்லை.

சான்றுக்குள் என்ன வைப்பது என்பதில் கை இறுக்கமாக இருங்கள். பிறந்த தேதி, வீட்டு முகவரி, தந்தை பெயர் என்று காகிதத்தில் இருந்ததையெல்லாம் ஏற்றினால், ஒவ்வொரு முறை காட்டும்போதும் அத்தனையும் போகும். தேர்ந்த புலங்களை மட்டும் காட்டும் வசதி வேண்டுமென்றால் எஸ்டி-ஜேடபிள்யூடி, ஈசிடிஎஸ்ஏ-எஸ்டி-2023 போன்றவை உண்டு. ஆனால் முதல் வெளியீட்டிலேயே அதில் இறங்க வேண்டாம். தேவையில்லாத புலத்தை வைக்காமல் விடுவது அதைவிட எளிது, அதைவிட உறுதியானது.

இனி சோதனை. கையொப்பமிட்ட நூலகத்தாலேயே சரிபார்த்தால் அது பாதிச் சோதனைதான், நூலகத்தின் தவறு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். வேறொரு மொழியில், வேறொருவர் எழுதிய நூலகத்தால் சரிபாருங்கள். அப்புறம் ஒரு சிறு நிரல் எழுதி, கையொப்பமிட்ட சான்றின் ஒவ்வொரு மதிப்பையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். எதை மாற்றினாலும் சரிபார்ப்பு தோற்க வேண்டும். ஒரு புலத்தை மாற்றியும் பச்சை வந்தால் எங்களுக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேர்ந்திருக்கிறது. இந்தச் சோதனை எழுத அரை மணி நேரம் ஆகும். எங்களிடம் அது இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

கடைசியாக 1.1, 2.0 கேள்வி. புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்பதால் 2.0. வழங்கிய நாள் என்ற கட்டாயப் புலம் போய், செல்லுபடி தொடங்கும் நாள், முடியும் நாள் என்று தெளிவான இரண்டு விருப்பப் புலங்கள் வந்திருக்கின்றன. மேலே சொன்ன நிலைப் பட்டியலும் எட்25519, ஈசிடிஎஸ்ஏ கையொப்பத் தொகுப்புகளும் அதோடு சேர்ந்தே 2025 மேயில் பரிந்துரையாயின. உங்கள் சான்றை ஏற்கப்போகும் பெரிய சரிபார்ப்பவர் எவராவது இன்னும் 1.1 மட்டுமே படிக்கிறார் என்றால், அவருக்காக வார்ப்புருவில் ஒரு 1.1 வடிவத்தையும் வைத்திருங்கள். ஒரே ஆவணத்தில் இரண்டு பதிப்பின் கான்டெக்ஸ்டையும் போட்டுக் கலக்காதீர்கள், அது இரண்டிலும் செல்லாது.